ஒஸ்லோவில் உங்களைத் தடுக்க யாரும் வருவதில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒஸ்லோவில் வாழத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கனடா, இலண்டன், சுவிஸ், யாழ்ப்பாணம், சென்னை என்று பல திசைகளிலிருந்தும் உறவினர்களும் அவர்களுடைய நண்பர்களும் வந்து இறங்குகிறார்கள். மத்திய தொடருந்து நிலையத்துக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் ஒரு வெண்கலப் புலி நிற்கிறது. அதன் அருகே அவர்களைச் சந்தித்து அழைத்துச் செல்வது என் வழக்கம். நான் புதிதாக வந்த நாட்களில் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

விலைவாசி அதிகம், மழைக்கு மேலங்கி வேண்டும், விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை; அவை எல்லா வழிகாட்டிகளிலும் கிடைக்கும். நான் எழுத விரும்புவது வேறொரு வகைப் பிழைகளைப் பற்றியது. நம் ஊர்களில் ஒரு தவறைச் செய்யப் போகிறோம் என்றால் வாசலில் நிற்கும் காவலரோ, நடத்துநரோ, பக்கத்தில் நிற்பவரோ நம்மை நிறுத்திவிடுவார். ஒஸ்லோவில் அப்படி நிறுத்துவதற்கு ஆள் இல்லை. விதி எங்கோ எழுதப்பட்டிருக்கும், அதை நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நகரம் எடுத்துக்கொள்ளும். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை அறியாததால் நேர்பவை.

வாசலில் கதவு இல்லையே என்று சீட்டை அலட்சியம் செய்வது

இதைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் பிழை இதுதான்.

ஒஸ்லோவின் சுரங்கத் தொடருந்தை இங்கே டி-பானே என்பார்கள். ஐந்து தடங்கள் இருக்கின்றன, ஐந்தும் நகர மையத்தில் ஒரே சுரங்கத்தின் வழியாகச் செல்கின்றன. நிலையத்துக்குள் நுழையும்போது இலண்டனிலோ சென்னையிலோ இருப்பது போன்ற தானியங்கிக் கதவுகள் எதுவும் இராது. படியில் இறங்கினால் நேராக நடைமேடைக்கு வந்துவிடலாம். ட்ராமிலும் அப்படியே, எந்தக் கதவு வழியாகவும் ஏறலாம், சீட்டு விற்கும் நடத்துநர் உள்ளே இருக்கமாட்டார். புதிதாக வருபவர் இதைப் பார்த்ததும் ஒன்று பயணம் இலவசம் என்று நினைக்கிறார், அல்லது ஏறிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். இரண்டும் தவறு. ஏறுவதற்கு முன்பே செல்லுபடியாகும் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். பரிசோதகர்கள் எப்போது வருவார்கள் என்று எவருக்கும் தெரியாது. சில நாட்களில் ஓடும் வண்டிக்குள் வருவார்கள், சில நாட்களில் நிலையத்திலிருந்து வெளியேறும் வழியில் குழுவாக நின்று அனைவரையும் சோதிப்பார்கள். சீட்டு இல்லாவிட்டால் தண்டப்பணம் ஆயிரம் குரோனர் அளவில் வந்து நிற்கும். நகருக்குள் ஒரு முறை செல்வதற்கான சீட்டு ஐம்பது குரோனருக்குள் அடங்கிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். வந்த முதல் குளிர்காலத்தில் பல பயணங்களுக்குப் பயன்படும் கடதாசி அட்டை ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அதை இயந்திரத்தில் செருகி முத்திரை பெற வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தும் இருந்தது. ஒரு மாலை வேலைக்குத் தாமதமாகி ஓடிப்போய் ஏறினேன். இயந்திரத்தின் அருகே கூட்டமாக இருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது நிலையத்தில் இருவர் ஏறினார்கள். நான் அட்டையை எடுத்து நீட்டி, பணம் கொடுத்து வாங்கியது இதோ என் கையில் இருக்கிறதே என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் சொன்னேன். முத்திரை இல்லாவிட்டால் அது சீட்டு ஆகாது என்று அந்தப் பெண் மிகவும் அமைதியாக விளக்கிவிட்டு, என் பெயரை எழுதித் தண்டப்பணத் தாளைக் கொடுத்தார். அப்போது ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் உழைப்பு அந்த ஒரு தாளில் போயிற்று. அவர் ஒரு குரல்கூட உயர்த்தவில்லை, எனக்கும் கோபப்பட இடமில்லை. பிழை முழுவதும் என்னுடையது.

இன்று கடதாசி அட்டைக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியில் ரூட்டர் என்ற செயலி இருக்கிறது. வெளிநாட்டு வங்கி அட்டையாலும் அதில் சீட்டு வாங்கலாம். செயலி வேண்டாம் என்றால் டி-பானே நிலையங்களில் இயந்திரங்கள் உண்டு, நார்வேசன் போன்ற சிறு கடைகளிலும் விற்கிறார்கள். ஆனாலும் விருந்தினர்கள் தண்டப்பணம் கட்டுவது நிற்கவில்லை. எந்தெந்த வழிகளில் அகப்படுகிறார்கள் என்பதை நான் பார்த்தவரையில் சொல்கிறேன்.

முதலாவது, வயது. சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு 64 வயது, பெரியம்மாவுக்கு 61. நான் வேலையில் இருந்த நேரத்தில் இருவரும் தாங்களாகவே இயந்திரத்தில் மூத்தவர்களுக்கான சலுகைச் சீட்டை வாங்கிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்கள். நோர்வேயில் ஹொன்னோர் எனப்படும் அந்தச் சலுகை 67 வயது நிறைந்தவர்களுக்கே உரியது. பரிசோதகர் கடவுச்சீட்டைக் கேட்டார், பிறந்த ஆண்டைப் பார்த்தார், இருவருக்கும் தனித்தனியாகத் தண்டம் எழுதினார். மாலையில் வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா அந்தத் தாள்களை மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, அறுபது தாண்டினால் மூத்தவர்தானே, இதில என்ன பிழை?” என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு நாளும் சீட்டு வாங்காமல் பேருந்தில் ஏறாத மனிதர் அவர். இரண்டாயிரம் குரோனர் போனதைவிட, தன்னை ஏமாற்றுக்காரன் என்று அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்களோ என்ற எண்ணமே அவரை வாட்டியது. மீதி ஒரு வாரமும் நடந்தே போகலாம் என்றார். அந்தச் சலுகைச் சீட்டால் அவர்களுக்கு மிச்சமானது ஆளுக்கு இருபது குரோனர் அளவிலான தொகை. அந்த மாலையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வரும் முதல் நாளிலேயே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது என் தவறு. எனவே இதை அழுத்தமாகச் சொல்கிறேன்: 67 நிறையவில்லை என்றால் முழுச் சீட்டு. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டியதில்லை.

இரண்டாவது, நேரம். நகருக்குள் செல்லும் ஒற்றைச் சீட்டு 60 நிமிடங்களுக்குச் செல்லும். அதற்குள் டி-பானே, ட்ராம், பேருந்து என்று எத்தனை முறையும் மாறி ஏறலாம். ஆனால் பலர் காலை உணவு உண்ணும்போதே ஆர்வத்தில் சீட்டை வாங்கிவிடுகிறார்கள். பிறகு பிள்ளைகளைக் கிளப்பி, குடையைத் தேடி, நிலையத்துக்கு நடந்து வந்து ஏறும்போது பாதி நேரம் போயிருக்கும். இறங்கும்வரை சீட்டு உயிரோடு இருக்க வேண்டும் என்றே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நான்கைந்து இடங்களுக்குப் போவதாக இருந்தால் 24 மணி நேரச் சீட்டை வாங்குவதே நல்லது. அது ஏறத்தாழ மூன்று ஒற்றைச் சீட்டுகளின் விலைதான், அதன் பிறகு கடிகாரத்தைப் பார்க்கும் வேலை இல்லை.

மூன்றாவது, கட்டண வலயம். நகரம் முதலாம் வலயம். கார்டர்மூன் விமான நிலையம் 4என் என்ற வலயத்தில் இருக்கிறது. ஒரு வாரச் சீட்டு கையில் இருக்கிறது என்ற துணிவில் திரும்பிச் செல்லும் நாளில் அதையே காட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நகரச் சீட்டு அங்கே செல்லாது; மேலதிக வலயங்களுக்கான சீட்டைச் சேர்த்து வாங்க வேண்டும். விமான நிலையத்துக்கு இரண்டு வகைத் தொடருந்துகள் போகின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று ஃப்ளூடோகே எனப்படும் விரைவுத் தொடருந்து, இருபது நிமிட அளவில் சென்று சேரும். மற்றது சாதாரணப் பிராந்தியத் தொடருந்து. ஒரே தண்டவாளம், சில நிமிடங்களே வேறுபாடு, விலையோ ஏறத்தாழப் பாதி. வலயச் சீட்டு சாதாரணத் தொடருந்தில் மட்டுமே செல்லும், விரைவுத் தொடருந்தில் செல்லாது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த ஒரு தெரிவில் மிஞ்சும் பணத்தில் நகரத்தில் ஒரு வேளை நன்றாகச் சாப்பிடலாம்.

நான்காவது, தொலைபேசியின் மின்கலம். சீட்டு தொலைபேசியில் இருக்கும், தொலைபேசி அணைந்துபோயிருக்கும். குளிரில் மின்கலம் வழக்கத்தைவிட விரைவாக இறங்கும். காட்ட முடியாத சீட்டு இல்லாத சீட்டாகவே கருதப்படும். மேலங்கியின் உட்பையில், உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டால் தாங்கும்.

ஐந்தாவதைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. பரிசோதகரைக் கண்ட பிறகு அவசரமாகத் தொலைபேசியில் வாங்குவது. வாங்கிய நேரம் சீட்டிலேயே பதிந்திருக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்கலாம். கதவு இல்லாத நிலையம் என்பது இந்தச் சமூகம் தன் மக்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. மலைகளில் நோர்வே மலையேற்றச் சங்கத்தின் குடில்கள் பல, காவலுக்கு ஆள் இல்லாமலே திறந்துகொள்ளும் வகையில் இருக்கின்றன. தங்குகிறவர் அலமாரியில் உள்ள உணவை எடுத்துச் சமைத்து, எடுத்ததைத் தானே எழுதிப் பணம் செலுத்துவார். அதே ஒழுங்குதான் டி-பானேயிலும் நடக்கிறது. அந்த நம்பிக்கையை மதிக்கும் மனம் நம்மவர்களிடம் நிறையவே இருக்கிறது. விதியை அறியாத ஒரே காரணத்தால், நேர்மையானவர்கள் அந்நிய மொழியில் தலைகுனிந்து நிற்கும்படி ஆகிவிடுகிறது. எனக்குத் தெரியாது என்பது இங்கே காரணமாக ஏற்கப்படுவதில்லை.

ஒஸ்லோவில் இறங்கினால் ஃபியோர்டும் வடதுருவ ஒளியும் கண்முன் நிற்கும் என்று எண்ணுவது

ஃபியோர்டு என்பது நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல்நீர்ப் பரப்பு. படங்களில் காணும் செங்குத்தான பாறைச் சுவர்களும் அருவிகளும் கொண்ட ஃபியோர்டுகள் நாட்டின் மேற்குக் கரையில் இருக்கின்றன. கெய்ராங்கர், நேரோய் ஆகியவை ஒஸ்லோவிலிருந்து ஒரு நாளில் போய் நின்று நிதானமாகப் பார்த்துத் திரும்பக்கூடிய தொலைவில் இல்லை. மேற்குக் கரை நகரமான பேர்கனுக்குத் தொடருந்தில் போவதற்கே ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். அந்தப் பாதை உலகின் அழகிய தொடருந்துப் பாதைகளில் ஒன்று என்பதால் ஓர் இரவாவது அங்கே தங்கும்படி திட்டமிடுங்கள். ஒஸ்லோ ஃபியோர்டு வேறு வகை: தாழ்ந்த குன்றுகள், சிறு தீவுகள், குளிக்கும் மக்கள். அதை அதன் இயல்பில் பார்த்தால் பிடிக்கும், கெய்ராங்கரை எதிர்பார்த்துப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

வடதுருவ ஒளிக்கு நாட்டின் வடக்கிலுள்ள ட்ரொம்சோ பக்கம் விமானத்தில் போக வேண்டும். நள்ளிரவுச் சூரியனும் ஒஸ்லோவில் இல்லை. ஜூன் மாத நடுவில் சூரியன் இரவு 10.40 அளவில் மறைந்து விடியற்காலை நான்கு மணிக்கு முன்னரே எழுந்துவிடும் என்பதால் உறக்கம் கெடுவது மட்டும் உறுதி. கண்ணை மறைக்கும் துணிப்பட்டி ஒன்றைக் கொண்டு வாருங்கள். டிசம்பர் நடுவில் இதற்கு நேர்மாறாக, காலை ஒன்பதே கால் அளவில் எழும் சூரியன் பிற்பகல் மூன்றேகாலுக்கு முன் போய்விடும். அந்த மாதத்தில் வருபவர்கள் வெளியிடங்களை முற்பகலிலும் அருங்காட்சியகங்களைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது இருட்டாகிவிட்டது என்று திகைத்தவர்களை நான் பலமுறை ஆறுதல்படுத்தியிருக்கிறேன்.

யூரோ

நோர்வேயில் செல்லாது, நாணயம் குரோனர்.

வைக்கிங் கப்பலைத் தேடிப் பிக்டோய்க்குப் போவது

பிக்டோய் என்பது ஒஸ்லோவில் அருங்காட்சியகங்கள் நிறைந்த ஒரு தீபகற்பம். அங்குள்ள வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் 2022 செப்டெம்பரிலிருந்து மூடப்பட்டிருக்கிறது. பெரிய புதிய கட்டடத்துடன் அதை விரிவாக்கி 2027இல் திறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆனாலும் பழைய வழிகாட்டிகளையும் பழைய காணொளிகளையும் நம்பி, 1904இல் தோண்டி எடுக்கப்பட்ட ஓசபேர்க் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று நேராக அங்கே போய் வேலியைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புறப்படும் முன் அருங்காட்சியகத்தின் சொந்த இணையப் பக்கத்தைப் பாருங்கள். திறந்துவிட்டதா என்பது அங்கேதான் சரியாகத் தெரியும்.

பிக்டோய்க்குப் போவதே வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. நான்சனும் அமுண்ட்சனும் துருவப் பயணங்களுக்குக் கொண்டுபோன ஃப்ராம் கப்பலின் உள்ளேயே ஏறி நடக்கலாம். அடுத்த கட்டடத்தில் 1947இல் பசிபிக் பெருங்கடலைக் கடந்த கொன்-டிக்கி தெப்பம் இருக்கிறது. கட்டுமரத்தைப் பார்த்து வளர்ந்த கரையோரத்து மனிதர்கள் அந்தத் தெப்பத்தின் கயிற்றுக் கட்டுகளின் முன் நெடுநேரம் நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். சற்றுத் தள்ளியுள்ள நாட்டார் அருங்காட்சியகத்தில் 1200ஆம் ஆண்டளவைச் சேர்ந்த மரத் தேவாலயம் ஒன்று நிற்கிறது. வைக்கிங் காலப் பொருட்களைத்தான் பார்க்க வேண்டும் என்றால் நகர மையத்திலேயே வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது; ஏர்முன்புவில் கிடைத்த வைக்கிங் தலைக்கவசம் அங்கே உள்ளது, அதில் கொம்புகள் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பிக்டோய்ப் படகு வெயில்காலத்தில் மட்டும் ஓடும். குளிர்காலத்தில் துறையில் நின்று காத்திருக்காமல் 30ஆம் இலக்கப் பேருந்தில் போங்கள்.

‘அலறல்’ ஓவியத்துக்குத் தவறான கட்டடத்தில் நிற்பது

எட்வர்ட் முங்க் தீட்டிய ‘அலறல்’ ஒன்றல்ல, பல. உலகம் முழுவதும் அச்சிட்டுப் பரவியிருக்கும் 1893ஆம் ஆண்டு ஓவியம் 2022இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீர்முனையில் சாய்ந்து நிற்கும் உயர்ந்த கட்டடமான முங்க் அருங்காட்சியகத்தில் வேறு பதிப்புகள் இருக்கின்றன. வெளிச்சத்தால் கெட்டுவிடாமல் காப்பதற்காக அவற்றில் ஒன்றை மட்டும் காட்டி மற்றவற்றை மூடிவைத்து, முறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நேரம் இருந்தால் இரண்டுக்கும் போகலாம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எதைப் பார்க்க வந்தீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சமையல் பொருள் வாங்கி வைக்காதிருப்பது

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். நூறு சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு உணவுக் கடைகளும் எரிபொருள் நிலையங்களும் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. அங்கே விலை கூடுதலாகவும் தெரிவு குறைவாகவும் இருக்கும். வாடகை வீட்டில் தங்கிச் சமைத்துச் சாப்பிடலாம் என்று வரும் குடும்பங்கள் சனிக்கிழமை நள்ளிரவில் வந்திறங்கி, மறுநாள் குழந்தைக்குப் பாலும் அரிசியும் தேடி அலைகின்றன. உங்கள் விமானம் சனிக்கிழமை இரவு வருவதாக இருந்தால் முதல் நாள் உணவைப் பெட்டியிலேயே கொண்டு வாருங்கள்.

இதைவிடக் கடுமையானது ஈஸ்டர் வாரம். வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் ஆகிய நான்கும் பொது விடுமுறை. நகரத்தார் பெரும்பாலும் தங்கள் மலைக் குடில்களுக்குப் போய்விடுவார்கள், வீதிகள் வெறிச்சோடியிருக்கும். விடுமுறைக் காலம் என்பதால் கொண்டாட்டம் இருக்கும் என்று எண்ணி அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்து வருபவர்களுக்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன். கொண்டாட்டம் காண விரும்பினால் மே 17 அன்று வாருங்கள். 1814இல் அரசியலமைப்பு கையெழுத்தான நாள் அது. பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்துக் கார்ல் யூகான் வீதி வழியாக அரண்மனைவரை நடப்பார்கள். எங்கள் பிள்ளைகளும் அதில் நடந்து வளர்ந்தவர்கள்தாம். அன்று ட்ராம் தடங்கள் மாறும் என்பதால் நடக்க ஏற்ற சப்பாத்தோடு வாருங்கள்.

தண்ணீர்ப் போத்தல்

வாங்காதீர்கள். குழாயில் வருவது மரிடால் ஏரியின் நல்ல நீர்.

சுவிஸ் சிம் அட்டை

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அட்டை இங்கே கூடுதல் கட்டணமின்றி இயங்கும் என்பது சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது. புறப்படும் முன் உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள்.

விப்ஸ்

சந்தைகளில் பலர் இந்தச் செயலியில் பணம் கேட்பார்கள். நோர்வே அடையாள எண் இல்லாதவர் அதைத் தொடங்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், வங்கி அட்டையைக் காட்டுங்கள்.

குளிரை அஞ்சி, வழுக்கலை மறப்பது

குளிர்காலத்தில் வருபவர்கள் பனியைப் பற்றிக் கேட்கிறார்கள், எத்தனை பாகை இறங்கும் என்று கேட்கிறார்கள், தடித்த மேலங்கி வாங்குகிறார்கள். காலில் என்ன போடுவது என்று கேட்பவர் குறைவு. ஒஸ்லோவில் வெப்பநிலை பல நாட்கள் உறைநிலைக்குச் சற்று மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். பகலில் உருகும் பனி இரவில் கண்ணாடிபோல் உறைந்துவிடும். அதன்மேல் மெல்லிய புதுப்பனி படிந்தால் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

நகர மையம் இதில் ஏமாற்றக்கூடியது. கார்ல் யூகான் வீதி உட்பட மையத்தின் சில நடைபாதைகளுக்குக் கீழே வெப்பக் குழாய்கள் ஓடுகின்றன. ஆகவே அங்கே தரை காய்ந்திருக்கும். நம்பிக்கையோடு வேகமாக நடந்து ஒரு குறுக்குத் தெருவுக்குத் திரும்பினால் முதல் அடியிலேயே வெறும் பனிக்கட்டி. கொழும்பிலிருந்து வந்த என் சித்தி அப்படித்தான் ஒரு பெப்ரவரி மாதம் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருடைய காலில் இருந்தவை புதிதாக வாங்கிய, வழவழப்பான அடிப்பாகம் கொண்ட அழகிய தோல் சப்பாத்துகள். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்கள் சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். விசாவுக்காக எடுத்த பயணக் காப்புறுதியின் பத்திரத்தைத் தொலைபேசியில் வைத்திருந்ததால் சித்தி தப்பினார். அவசர மருத்துவ நிலையத்தை இங்கே லெகவாக்ட் என்பார்கள். உயிராபத்து இல்லாத நேரத்தில் அழைக்க வேண்டிய இலக்கம் 116117, உயிராபத்து என்றால் 113.

தீர்வு மலிவானது. சப்பாத்தின் அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் பட்டி ஒன்று உண்டு, அதன் பெயர் ப்ரொட்டர். விளையாட்டுப் பொருள் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். இங்கே பிறந்து வளர்ந்த முதியவர்களே அதை அணிந்து நடக்கிறார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள், கல் தரையில் அதுவே வழுக்கும்.

மேலிருந்து வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. பனி உருகும் நாட்களில் கூரைகளிலிருந்து பனிப்பாளங்கள் சரிந்து விழும். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் நீண்ட கம்புகளைக் கண்டால் அந்த ஓரத்தில் நடக்காதீர்கள் என்று பொருள். யாரோ வேலை செய்துவிட்டு மறந்துவிட்டுப் போன கம்புகள் என்று நினைத்து, முதல் ஆண்டில் நான் அவற்றுக்குள் புகுந்தே நடந்திருக்கிறேன்.

2008இல் திறக்கப்பட்ட ஒப்பெரா மாளிகையின் கூரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெள்ளைப் பளிங்குச் சரிவு நீரிலிருந்து நேராக மேலே ஏறிச் செல்கிறது, எவரும் எந்நேரமும் நடக்கலாம். அந்தக் கூரையில் ஆங்காங்கே தரை மட்டம் வேண்டுமென்றே மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. வெண்மையில் வெண்மை கலந்து படி எது, சமதளம் எது என்று தெரியாது. ஈரமான நாளில் படம் எடுத்துக்கொண்டே பின்னோக்கி நடக்காதீர்கள். முதியவர்களுக்கு அருகிலேயே 2020இல் திறக்கப்பட்ட டைக்மன் நூலகம் இருக்கிறது. நுழைவு இலவசம், இதமான வெப்பம், மேல் மாடியிலிருந்து அதே நீர்முனைக் காட்சி.

தீவுகளுக்குத் தனிச் சுற்றுலாப் படகு எடுப்பது

நகர மண்டபத்துக்கு முன்னுள்ள துறையிலிருந்து ஃபியோர்டின் தீவுகளுக்கு நகரப் போக்குவரத்தின் சாதாரணப் படகுகள் போகின்றன. மேலே சொன்ன முதலாம் வலயச் சீட்டே அவற்றுக்கும் செல்லும். இதை அறியாமல் பல மடங்கு கொடுத்துச் சுற்றுலாப் படகில் ஏறி, தீவுகளை ஒலிபெருக்கி விளக்கத்தோடு தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருகிறவர்களே அதிகம். விளக்கம் கேட்க விரும்புவோர் அதை எடுக்கட்டும். தீவில் கால் வைக்க விரும்புவோர் 24 மணி நேரச் சீட்டோடு ஹோவெட்தீவுக்குப் போங்கள். சில நிமிடப் பயணம். 1147இல் ஆங்கிலேயத் துறவிகள் கட்டத் தொடங்கிய மடத்தின் இடிபாடுகள் அங்கே புல்வெளியில் கிடக்கின்றன, குளிக்கக் கரை இருக்கிறது, கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொதியைப் பிரித்து உண்ண மர நிழலும் இருக்கிறது. பெரியப்பாவை மறுபடியும் ஒரு வாகனத்தில் ஏற வைத்தது அந்தப் படகுதான். ஏறும் முன் என் கையிலிருந்த முழுச் சீட்டை வாங்கி, கண்ணாடியை அணிந்துகொண்டு, நேரத்தையும் வலயத்தையும் தானே வாசித்துப் பார்த்த பிறகே அடியெடுத்து வைத்தார்.

படகுகள் பருவத்துக்கேற்ப அட்டவணை மாற்றும், தீவில் இரவு தங்க இடமில்லை, புறப்படும் நேரத்தில் உங்களைத் தேடி எவரும் குரல் கொடுக்கமாட்டார்கள். இறங்கியவுடன் துறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படம் எடுத்து, கடைசிப் படகின் நேரத்தைக் குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.